பலாக்கன்று நட யாருக்கு மனம் வரும்?

சுற்றுச்சூழலுக்கு இசைவாக வாழச் சொல்லும் அறிவுரைகள் பாடசாலைச் சுவர்களிலும் வாரப் பத்திரிகைகளிலும் ஏறக்குறைய ஒரே வாய்பாடாக வருகின்றன. வீட்டைச் சுற்றி மரக்கறி போடுங்கள், சமையலறைக் கழிவை உரமாக்குங்கள், பொலித்தீனைக் கைவிடுங்கள், பக்கத்தில் விளைவதைச் சாப்பிடுங்கள், மரம் வையுங்கள். எதிலும் பிழை இல்லை. ஆனால் இவை எல்லாமே சொல்லாமல் ஒன்றை எடுத்துக்கொள்கின்றன: கேட்கிறவருக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது, அதில் விரும்பியதை நடலாம், நட்டது காய்க்கும்வரை அவரை யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், தேயிலை, இறப்பர் தோட்டங்களின் லயங்களில் (வரிசை வீடுகளில்) குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது. அங்கே இத்தகைய பழக்கங்கள் வேர்பிடிக்கவில்லை என்றால், ‘விழிப்புணர்வு போதாது’ என்று சொல்லி ஒரு கருத்தரங்கு வைத்துவிட்டுப் போவது சுலபம். காரணம் மனத்தில் இருப்பதைவிடக் காணியில்தான் அதிகம் இருக்கிறது.

அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வழியாகக் கித்துல்கலைக்கு ஏறும் வீதியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிராமத்துக் காணி என்றால் மேலே தென்னை, கமுகு, கித்துள், பலா; அதற்குக் கீழே ஈரப்பலா, சாதிக்காய், கராம்பு, றம்புட்டான்; மரத்தில் படரும் மிளகு; நிழலில் கோப்பி, வாழை; தரையில் மஞ்சள், இஞ்சி, கிழங்கு வகைகள். ஆய்வாளர்கள் ‘கண்டி வீட்டுத்தோட்டம்’ என்று பெயரிட்டு எழுதும் முறை இதுதான். காடு போலவே அடுக்கடுக்காக நிற்கும், மழையை வாங்கி மெதுவாக இறக்கும், ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்றைத் தரும். சில நூறு யார் தள்ளினால் தோட்டம் தொடங்குகிறது. அதே மழை, அதே மண், அதே சரிவு. ஆனால் லயத்துக்கு முன்னால் இருப்பது ஒரு வாசல், ஒரு கான், கானுக்கு அப்பால் ஓரிரு பாத்தி. அந்தப் பாத்தியில் கீரையும் கொச்சிக்காயும் இருக்கும், ஒரு வாழையும் இருக்கலாம். மரம் அநேகமாக இருக்காது. தோட்டத்து மக்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. இந்த மாகாணத்தின் இறப்பர் மலைகளை நட்டு வளர்த்ததே அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள்தான். விதையிலிருந்து வரும் பலா காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகூட ஆகும். அரசு நிலம் கம்பனிக்குக் குத்தகை, லயத்துக் காம்பராவில் (அறையில்) இருப்பது வேலையைப் பொறுத்தது என்னும்போது மூன்று மாதத்தில் பறிக்கக்கூடியதைத்தான் ஒருவர் நடுவார். அது அறியாமை அல்ல, நல்ல கணக்கு.

இந்தக் கணக்கின் விலை என்ன என்பதை 1973–74 காட்டியது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, அரசு பங்கீட்டு மாவையும் சீனியையும் வெட்டியது, பாணுக்கும் மாவுக்கும் வரிசை நீண்டது. கிராமங்களும் கஷ்டப்பட்டன, ஆனால் அங்கே பலாக்காய் இருந்தது, மரவள்ளி இருந்தது. தோட்டங்களில் மா நின்றதும் அடுப்பு நின்றது. பட்டினியும் அதோடு ஒட்டிய நோய்களும் சேர்ந்து தோட்டங்களின் இறப்பு வீதத்தை நாட்டின் மற்றப் பகுதிகளை விட மிக உயர்த்தின. அதற்குச் சற்று முன்பும் பின்பும்தான், 1972இலும் 1975இலும், காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின, சில பகுதிகளில் காணி பங்கிடப்பட்டது. அந்தப் பங்கீட்டில் தொழிலாளருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். சில தோட்டங்களில் இருந்த இடமும் போனது. பலா மரம் ஒரு நாட்டின் உணவுக் காப்பு என்பதை இலங்கை அறியாமல் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பலா நட இயக்கம் நடத்தி, சிங்கள மக்களிடம் ‘கொஸ் மாமா’ (பலா மாமா) என்றே பெயர் வாங்கினார். பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டத் தடைபோடும் சட்டம் 1951இலிருந்து இருக்கிறது. நட இடம் இல்லாதவனுக்கு வெட்டத் தடை போட்டு என்ன பயன் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சாப்பாட்டில் இன்றும் இதன் நிழல் கிடக்கிறது. காலையில் ரொட்டியும் சம்பலும், மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி. இலங்கை தனக்குத் தேவையான கோதுமை முழுவதையும் இறக்குமதி செய்கிறது. கடல்கடந்து வந்து, ஆலையில் அரைபட்டு, லொறியில் மலையேறி வரும் மா, பக்கத்துக் கிராமத்தில் பழுத்து விழுந்து அழுகும் பலாப்பழத்தை விடத் தோட்டத்துக்கு நெருக்கமாகிவிட்டது. 2022 பொருளாதார நெருக்கடியில் மா விலை எகிறியபோது தோட்டக் குடும்பங்களே அதிகம் அடிபட்டன. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். உள்ளூர் உணவு, பருவத்து உணவு என்ற பேச்சு கொழும்பில் ஒரு நாகரிகமாக இருக்கலாம். தோட்டத்தில் அது பிள்ளையின் உயரம். பலாக்கொட்டை, முருங்கையிலை, பயிற்றங்காய், வல்லாரை, பப்பாசி ஆகியவை மா ரொட்டியோடு சேரும்போது கிடைப்பது சுற்றுச்சூழல் நன்மைக்கு முன்பு வயிற்று நன்மை. இந்தப் பழக்கத்துக்கு ஆள் சேர்க்க நினைப்பவர் அந்த வரிசையில்தான் பேச வேண்டும்.

கழிவைப் பற்றியும் அதே நியாயம்தான். லயத்துக் கான்களில் பொலித்தீன் அடைத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சுத்தம் பற்றி வகுப்பெடுப்பவர்கள், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. முப்பது ஆண்டுகள் குப்பை வண்டி வராத இடத்தில் குப்பையைப் பிரித்து வை என்றால், பிரித்து யாரிடம் கொடுப்பது? மெல்லிய பொலித்தீன் பைகளையும் சோற்றுத் தாள்களையும் 2017 செப்டெம்பரில் அரசு தடைசெய்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்புப் பக்கத்து மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பலிகொண்ட பிறகு வந்த தடை அது. 2021இல் சிறு சாஷே பைக்கற்றுகளும், உணவும் மருந்தும் தவிர, தடைப்பட்டன. சாஷே வாங்குகிறவர் நாட்கூலிக்காரர். போத்தலாக வாங்கக் கையில் ஒரே நேரத்தில் காசு இருக்காது. ஆகவே தடையின் பாரம் அவர் மேல் விழுகிறது, சேகரிப்பு வசதி மட்டும் அவர் வரை வருவதில்லை. ஆனாலும் கானை அடைக்கும் பையை ‘சபை வந்து எடுக்கட்டும்’ என்று விட்டுவைக்க முடியாது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. யோகட் கோப்பையிலும், பாலெடுப்பு நின்ற இறப்பர் மலையில் நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையிலும் தேங்கும் மழைநீர் போதும் நுளம்புக்கு. சட்டம் மாறிய பிறகும் பல தோட்டங்களுக்கு வண்டி வரவில்லை என்பதைச் சபைக்கு எழுத்தில் கேட்பதும், சிரட்டையைக் கவிழ்த்து வைப்பதும் ஒரே நாளில் செய்யக்கூடிய இரண்டு வேலைகள்.

சமையல் கழிவு வேறு கதை. அதற்கு வண்டி வேண்டாம். இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. திறந்த குவியலாக உரம் போட்டால் சத்து முழுவதும் கானோடு போய்விடும், எலியும் நாயும் வரும். வறண்ட வடமத்திய மாகாணத்துக்கு எழுதப்பட்ட கூட்டுப்பசளைக் கையேட்டை இங்கே அப்படியே நீட்டுவதால்தான் பலர் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள். ஈரவலயத்துக்கு ஒத்தது குழி முறை: இரண்டடி ஆழக் குழி, அதில் தேங்காய்ப் பொச்சும் மரக்கறித் தோலும் சாம்பலும் காய்ந்த இலையும் மாறி மாறி, குழியைச் சுற்றி மூன்று வாழை. கழிவு மக்கி வாழைக்கு நேரே போகும், மழை அதைக் கழுவ முடியாது. பாத்திரம் கழுவும் தண்ணீரைச் சிறு வாய்க்காலாக அந்த வாழைப்பக்கமும் சேம்புப் பக்கமும் திருப்பிவிட்டால் வாசலில் சேறு நிற்காது. மண்ணே இல்லாத லயங்களில் பழைய உரப்பைகளில் மண் நிரப்பி வல்லாரை, பொன்னாங்காணி, கொச்சிக்காய், தக்காளி வைக்கலாம், பலர் வைத்துமிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: களைகொல்லி, பூச்சிமருந்து வந்த கலனைக் கழுவிவிட்டாலும் அதில் செடி வைக்கவோ தண்ணீர் பிடிக்கவோ வேண்டாம். மருந்து அடித்த மலையில் அந்த வாரமே கீரை பறிப்பதும் அப்படித்தான். கிளைபோசேற் 2015இல் தடைப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதிக்கப்பட்டது என்ற செய்தி பத்திரிகை படிப்பவருக்குத் தெரியும். கொழுந்தெடுக்கும் மலையின் ஓரத்தில் வல்லாரை கிள்ளுகிறவருக்குத் தேவையானது, எந்த மலையில் எந்த நாள் அடித்தார்கள் என்று, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒரு வார்த்தை.

அடுப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து வரும் மிலாறுக் குச்சிதான் தோட்டத்தின் பழைய விறகு. புதிதாக மரம் வெட்டாமல் எரிகிற விறகு என்ற வகையில் அது நல்லதுதான். கவ்வாத்துக் கழிவை மலையிலேயே விட்டால் மண்ணுக்கு நல்லது என்று தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிவருகிறது, அதுவும் உண்மை. தடித்த மிலாறை எடுத்து, இலையையும் நுனிக் கிளையையும் மலையில் விடுவது இரண்டுக்கும் நடுவழி. காற்றோட்டமில்லாத காம்பராவில் மூன்று கல்லடுப்புப் புகை பெண்களின் நெஞ்சில்தான் இறங்குகிறது. இலங்கையில் 1980களிலிருந்து பரவிய அனகி என்ற இரட்டை மண்ணடுப்பு அதே சமையலைக் குறைந்த விறகில் முடிக்கும், விலையும் பெரிதல்ல. தோட்டங்களில் அது ஏன் இன்னும் எங்கும் பரவவில்லை என்பது விளங்காத காரியம்.

இவற்றுக்கு எழும் மறுப்புகளில் பலமானது 2021இன் அனுபவம். அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது, நவம்பரில் பின்வாங்கியது. 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்தால் ‘பேர்’ (ஒரு நாள் வேலைக் கணக்கு) குறையும், பேர் குறைந்தால் சம்பளம் குறையும். இயற்கை விவசாயம் என்ற சொல்லைக் கேட்டாலே தோட்டத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல்வி சொல்வது வேறு. வாரம் தவறாமல் கொழுந்து பறிக்கப்படும் ஆயிரக்கணக்கான ஏக்கர் தேயிலைக்கு, அது இழக்கும் தழைச்சத்தை ஈடுகட்ட வேண்டிய அளவு சேதனப் பசளை அந்தப் பருவத்தில் நாட்டில் எங்கும் இருக்கவில்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் அடுக்களைக் கழிவும், லயத்தில் யாரோ வளர்க்கும் மாட்டின் சாணமும் பத்துப் பாத்திக்கு ஏராளம். அளவு மாறினால் தீர்ப்பும் மாறும். ஏற்றுமதித் தேயிலைக்கு என்ன உரம் என்பதை இரத்தினபுரியில் சென்ட் ஜோகிம் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பார்த்துக்கொள்ளட்டும். கீரைப் பாத்திக்கு யூரியா வாங்க வேண்டிய தேவை எந்த வீட்டுக்கும் இல்லை.

மண்சரிவு பற்றிய எச்சரிக்கையை இவ்வளவு இலகுவாகத் தள்ள முடியாது. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் குடியிருப்பே மண்ணுக்குள் போனது. மலைப் பக்கத்தில் ஆளுக்கொரு பாத்தி வெட்டத் தொடங்கினால் மண் இன்னும் இளகாதா? இளகும், தவறாக வெட்டினால். மரவள்ளியும் இஞ்சியும் செங்குத்துச் சரிவுக்கு ஆகாது, ஏனென்றால் அறுவடையே மண்ணைக் கிளறிப் பிடுங்குவதுதான். சரிவுக்குக் குறுக்கே, மட்டக்கோட்டில், கிளிரிசீடியாவை வேலியாக நெருக்கி நட்டு, அதன் மேல்பக்கம் மண் சேரவிட்டு, சேர்ந்த மண்ணில் பாத்தி போடுவது பல காலமாகச் சோதித்துப் பார்த்த முறை. வெட்டிய கிளை தழையுரம், காய்ந்தது விறகு, தண்டு மிளகுக் கொடிக்குக் கொம்பு. லயத்துக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டி இடம் பெருக்குவது மட்டும் எந்தத் தேவைக்காகவும் கூடாது. வெடிப்புத் தெரிந்தாலும், ஊற்று திடீரெனக் கலங்கினாலும் தோட்டம் போடுவதை மறந்து தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். பார்த்து ஆபத்து என்று அவர்கள் குறித்த லயத்திலேயே வேறு வீடின்றி மக்கள் இருப்பது தனி அவலம்.

பிறகு குரங்கு. இதைக் கேலியாக எடுத்துக்கொள்பவர் கேகாலையில் தேங்காய் பறித்ததில்லை. பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ண 2025 மார்ச் 15ஆம் திகதி காலை அரசு நாடு முழுவதையும் ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னது. எண்ணிக்கை எவ்வளவு சரி என்பதில் சந்தேகம் எழுந்தாலும் தொல்லை உண்மை. குரங்குக்கு முழுத் தீர்வு கிடையாது. அது விரும்பாத மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை, வல்லாரை போன்றவற்றுக்கு இடத்தில் பெரும்பங்கைக் கொடுத்துவிடுவது ஓரளவு பயன்தரும். காட்டுப்பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பதுதான் மோசமான வழி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. சிறுத்தையே பன்றியைக் குறைக்கும் விலங்கு என்பதால், சுருக்கு வைப்பவர் நாளைய பன்றிக்குத்தான் உதவுகிறார்.

இவ்வளவையும் யார் செய்வது என்ற கேள்வியில் பல நல்ல திட்டங்கள் சரிந்திருக்கின்றன. விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பி, நாள் முழுதும் கொழுந்தெடுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, இரவுச் சமையல் முடிக்கும் பெண்ணிடம் ‘ஒரு மணி நேரம் தோட்டமும் போடு’ என்பது கொடுமை. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன அமைச்சரவை, கொழுந்துக்காரிக்கு அப்படி ஒரு நாளை நினைக்கவில்லை. வீட்டு ஆண்கள் பங்கெடுக்காவிட்டால் இது நிலைக்காது. கீரைப் பாத்தியைவிட ஒருமுறை நட்டு வருடக்கணக்கில் பறிக்கும் முருங்கையும் ஈரப்பலாவும் மிளகும் வேலைப்பளுவுக்கு ஏற்றவை என்பது இன்னொரு நியாயம். அங்கேயும் கேள்வி காணியில்தான் வந்து நிற்கிறது.

தோட்டக் கம்பனிகள் சொல்வது வேறு: காணியைத் துண்டாக்கினால் தேயிலை படுத்துவிடும். சப்ரகமுவவில் நின்று இதைச் சொல்வது துணிச்சல்தான். நாட்டின் தேயிலையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் சிறு உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. இரத்தினபுரி மாவட்டம் அவர்களுடைய கோட்டைகளில் ஒன்று. கால் ஏக்கர், அரை ஏக்கர்க் காணிகளில், வீட்டுக்குப் பின்னால், பலாவுக்கும் மிளகுக்கும் இடையில் வளரும் தேயிலை அது. பராமரிப்பின்றிக் காடேறிய இறப்பர் மலைகளும் தேயிலை மலைகளும் தோட்டங்களிலேயே இருக்கும்போது, தொழிலாளிக்குக் கொடுக்க நிலம் இல்லை என்பது நம்பும்படியாக இல்லை.

தனிவீட்டுத் திட்டங்கள் பல தந்த ஏழு பேர்ச் ஒரு தொடக்கம். அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக மீதி 1,350. அதில் ஒரு முருங்கை, ஒரு தேசி, நாலைந்து வாழை, வேலிக் கிளிரிசீடியாவில் மிளகு, பத்துப் பாத்தி மரக்கறி, ஒரு கோழிக்கூடு நன்றாகக் கொள்ளும். பலா கொள்ளாது, பத்து ஆண்டில் அது பக்கத்து வீட்டுக் கூரையையும் தன் நிழலுக்குள் எடுத்துக்கொள்ளும். அந்த மரங்களுக்கு இடம் கோயில் வளவு, பாடசாலை ஓரம், தோட்ட எல்லை, கைவிடப்பட்ட மலை. நுவரெலியாவைப் போல அரசியல் குரல் குவிந்திராத, சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவத் தோட்டங்களில் ஏழு பேர்ச் வரவே காலம் எடுக்கும். எல்லைப் பலாவுக்குத் தோட்ட முகாமையாளரும் தொழிற்சங்கமும் கூடிப் பேசினால் போதும். பேசும்போது காய் யாருக்கு, கிளை முறிந்தால் விறகு யாருக்கு, மரத்தின் பலகை யாருக்கு, முகாமைத்துவம் மாறினாலும் இந்த ஏற்பாடு நிற்குமா என்பதை நடும் நாளிலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, லயத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும்.